எஞ்சினின் வெப்பமும் வாய்க்காலின் நீரும்

தாமிரபரணிக் கரையில் வாழ்கின்றவர்களுக்கு நீரின் போக்கைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. எங்கள் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயல்களுக்குக் கன்னடியன் கால்வாய் நீர் கொடுக்கிறது. அதன் கிளை வாய்க்கால் ஒன்றில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உழவர் என்ன செய்கிறார்? வானத்தைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்காலோடு மேல்நோக்கி நடக்கிறார். மடை அடைபட்டிருக்கிறதா, கரை உடைந்திருக்கிறதா, தூர் மண்டிக் கிடக்கிறதா, அணைக்கட்டிலேயே நீர் குறைந்துவிட்டதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துச் செல்கிறார். நீர் எங்கே தடைப்படுகிறதோ, அங்கே குறை இருக்கிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடம். ஆகவே, மாணவ நண்பர்களே, நீங்கள் அறிந்த இந்த வாய்க்காலை மனத்தில் வைத்துக்கொண்டு, மோட்டார் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று காண்போம். ஓடுகின்ற வண்டி ஏன் கொதிக்கிறது? அந்தக் கொதிப்பை மனிதன் எவ்வாறு அடக்கினான்? அடங்காதபோது அதன் காரணத்தை எவ்வாறு தேடிக் கண்டான்? இவையே நம் கேள்விகள்.

'இது பட்டறைக்காரரின் வேலையாயிற்றே! இதில் வரலாறு எங்கே இருக்கிறது?' என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அரசர்களின் படையெடுப்பு மட்டுமே வரலாறு என்று கருதிய காலம் போய்விட்டது. ஊரையும் ஊரையும் இணைத்த சக்கரங்களுக்கும் வரலாறு உண்டு. அச்சக்கரங்கள் நின்றுவிடாதபடி காத்த கைகளுக்கும் உண்டு. ஆனால் அந்தக் கைகளின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

முதலில் வெப்பத்தின் இயல்பைப் பார்ப்போம். பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேலிருந்து விழும் நீர் அங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுழற்றிய நீர் கீழே வழிந்து வெளியேறியாக வேண்டும். வெளியேற வழி இல்லையானால் நீர் தேங்கும், சக்கரம் நின்றுவிடும். வெப்பத்தின் கதையும் இத்தகையதே. 1824-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளரான சாதி கார்னோ இந்த உண்மையை ஆராய்ந்து எழுதினார். வெப்பத்திலிருந்து வேலையைப் பெற வேண்டுமானால், அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாய்ந்தாக வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமையும் உயரத்திலிருந்து விழும் நீர்தான் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சியது சிலிண்டரின் சுவர்களில் ஏறுகிறது. அந்தச் சுவர்களைச் சுற்றி நீர் ஓடி, வெப்பத்தை வாங்கி, வெளிக்காற்றிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் மசகெண்ணெய் நீர்த்துப்போகும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். பட்டறைக்காரர்கள் இதனை 'எஞ்சின் பிடித்துவிட்டது' என்பார்கள்.

வண்டியில் நீர் கொதிப்பது எப்போதுமே குற்றமாக இருந்ததில்லை. சென்னையில் சிம்சன் கம்பெனியார் 1903-ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார்கள். அந்த வண்டிக்கு நீர் கொதித்தால்தான் உயிர். பெட்ரோல் வண்டிக்கோ நீர் கொதித்தால் ஆபத்து. ஆனால் பெட்ரோல் வண்டியும் தன் தொடக்க நாளில் நீரைக் கொதிக்கவைத்துக்கொண்டேதான் ஓடியது.

ஜெர்மனி நாட்டில் நிக்கோலாஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எஞ்சினை அமைத்தார். 1886 ஜனவரியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த வண்டியில் இன்று நாம் காணும் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகப் பறந்துவிடும். போனதற்கு ஈடாக மேலும் நீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மகன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை இத்தகைய வண்டியில் கடந்தார். உலகில் மோட்டார் வண்டியில் நடந்த முதல் நெடும்பயணம் அதுவே. வழியெல்லாம் நீர் கிடைத்த இடங்களில் நிறுத்தி வண்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டே சென்றார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது அந்த அம்மையார் தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மோட்டார் வண்டியின் முதல் வழிநடைப் பழுதுகளை நீக்கியவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பதை இங்கே படிக்கும் மாணவியர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஊற்ற ஊற்ற ஆவியாகப் போகும் நீரை எத்தனை நாளைக்கு ஊற்றுவது? அதே நீரைக் குளிர்வித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாதா? இந்தக் கேள்விக்குச் சிறந்த விடை கண்டவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-01 ஆண்டுகளில் உருவான 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் வண்டிக்காக அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்றை அமைத்தார். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சதுரக் குழல்களை அடுக்கி, அவற்றுள் காற்றும் அவற்றின் இடுக்குகளில் நீரும் செல்லும்படி செய்தார். ஒரே வாய்க்காலாகப் போகும் நீரைப் பல பாத்திகளில் பரப்பினால் எவ்வளவு விரைவில் நிலம் நனைகிறது! அவ்வாறே மெல்லிய பரப்புகளில் பரவிய நீர் தன் வெப்பத்தைக் காற்றிடம் விரைவாகக் கொடுத்தது. பின்னால் ஒரு விசிறியும் சுழன்றதால், வண்டி மெதுவாகச் செல்லும்போதும் காற்று கிடைத்தது.

1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' வண்டி வெளிவந்தது. தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளுக்குப் பின் அதில் நீரை இறைக்கும் பம்பு வைக்கப்படவில்லை. சூடான நீர் இலேசாகி மேலே எழும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்னும் இயற்கை விதியை நம்பியே நீர் சுற்றி வந்தது. எளிய ஏற்பாடுதான், ஆனால் நீரின் மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்றோட்டம் அடியோடு நின்றுவிடும். எஞ்சின்களின் வலிமை வளர வளர, இயற்கை ஓட்டம் போதாமல் நீர் பம்பு வந்தது. எஞ்சின் சூடேறும் வரை நீரைத் தடுத்து, சூடேறியபின் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வந்தது. அதனை எஞ்சினின் மடை என்றே சொல்லலாம். நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடி வந்தது. அழுத்தம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். ஆகவே 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர், அத்தகைய மூடியின்கீழ் ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரி வரை கொதியாமல் இருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே, களக்காட்டையும் கடந்து மலையடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடியில் 1877-ஆம் ஆண்டில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவர் 1911-12 ஆண்டுகளில் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிப் பேருந்துகளை ஓடச் செய்தார். தென்னாட்டுச் சாலைப் போக்குவரத்து வரலாற்றில் அது பெரிய திருப்பம். நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவரின் பெயர், பின்னர் தென்னாட்டு மோட்டார் பட்டறைகளில் எல்லாம் வழங்கும் பெயராயிற்று.

குளிர்நாட்டுப் பொறியாளர்கள் வரைந்த எஞ்சின்கள் நம் சித்திரை வெயிலில், புழுதிச் சாலையில், அளவுக்கு மீறிய சுமையோடு ஓடவேண்டியிருந்தது. பழைய பேருந்துகளில் ஓட்டுநருக்குத் துணையாக ஒரு கிளீனர் இருப்பார். வண்டி நின்றதும் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ கிணற்றுக்கோ ஓடுவது அவருடைய வேலைகளுள் முக்கியமானது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று ஆற்றோடு செல்லும் சாலையில் நல்ல நீருக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணி நீர் மென்னீர். வறண்ட பகுதிகளின் கிணற்று நீரோ உப்புகள் மிகுந்த கடின நீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரின் மெல்லிய குழல்களுக்குள்ளும் அதே படிவுதான் ஏறும். எந்த ஊர் நீரை ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்து ஒரு வண்டியின் ஆயுள் கூடவோ குறையவோ செய்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது பேருந்துகளில் கரி வாயு உலைகளைப் பொருத்தினார்கள். சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் அத்தகைய உலையை வடிவமைத்து உருவாக்கியது. உலையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய வாயு பிறக்கும். அதைக் குளிர்வித்து, சாம்பல் துகள்களை வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். பெட்ரோலில் கிடைத்த வலிமை கரி வாயுவில் கிடைக்காது. மேட்டில் வண்டி திணறும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாயுவைச் சுத்தமாக்கவும் குளிர்விக்கவும் ஓட்டுநரும் கிளீனரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அந்தப் பாட்டிலேதான் ஒரு தலைமுறை, எஞ்சினின் உள்நிலையை வெளிக்குறியால் அறியக் கற்றுக்கொண்டது.

எங்கள் ஊருக்கு மேற்கே மணிமுத்தாற்றைக் கடந்தால் மாஞ்சோலைக்கு மலைச்சாலை ஏறுகிறது. சிங்கம்பட்டி ஜமீனின் காட்டுப் பகுதி 1929-ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகையாகப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டதன் பின்னர் அங்கே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. 2024-ஆம் ஆண்டில் கம்பெனி தன் பணியை நிறுத்திக்கொள்ளும் வரை, தொழிலாளர் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் மருந்தும் கடிதமும் அந்த மலைச்சாலை வழியாகத்தான் சென்றாக வேண்டும்.

மலை ஏறும் வண்டி ஏன் எளிதில் கொதிக்கிறது? கீழ்க் கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. ஆகவே வெப்பம் மிகுதியாகப் பிறக்கிறது. வண்டியோ மெதுவாக ஊர்கிறது. ஆகவே எதிர்க்காற்று குறைவு. மூன்றாவதாக இயற்கையே ஒரு சூழ்ச்சி செய்கிறது. உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் நீரின் கொதிநிலை இறங்கிவிடுகிறது. 1,000 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே நலமாக ஓடிய வண்டி மேலே கொதிப்பதற்கு இம்மூன்றும் காரணம்.

இதுவரை கூறியது நோய். நோயை எவ்வாறு தேர்ந்து அறிவது? திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை மோட்டார்ப் பட்டறைக்கும் பொருந்தும். நோய் இன்னதென்று தெளிய வேண்டும். அதன் முதற்காரணத்தைக் காண வேண்டும். தணிக்கும் வழியை ஆராய வேண்டும். அதன்பிறகே கைவைக்க வேண்டும். இந்த முறையைத் தம் வாழ்நாள் முழுவதும் கையாண்ட ஒரு மூத்த மெக்கானிக்கை நான் அறிவேன். எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைத்தோம்.

1980-களின் பிற்பகுதி. நான் அறிவியல் ஆசிரியராக இருந்த நாள். பிசான நெல் அறுவடையாகி, சாலையெங்கும் கதிரைப் பரப்பிப் போட்டிருந்த மாசி மாதம். மாணவர் நால்வரை அறிவியல் கண்காட்சிக்கு அழைத்துச்செல்ல நான் அமர்த்திய வாடகைக் கார், ஊரைத் தாண்டியதுமே ஆவி கக்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் இளைஞர், கடன் வாங்கி வண்டி வாங்கியவர், மனைவியின் நகைகளும் அந்தக் கடனுக்குள் போயிருந்தன. பதினைந்து நாளாக இப்படித்தான் கொதிக்கிறது என்றும், நீர் ஊற்றினால் சரியாகிவிடுகிறது என்றும் அவர் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அண்ணாச்சியின் பட்டறையில் நிறுத்தினோம்.

அண்ணாச்சி வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத்தான் எடுத்தார். "நின்னுக்கிட்டு இருக்கும்போது கொதிக்குதா, ஓடும்போது கொதிக்குதா?" "மேட்டிலேயா, சமதரையிலேயா?" "காலையிலே எடுத்த உடனே கொதிக்குதா, பத்து மைல் போன பிறகா?" "ஊத்துன தண்ணி தரையிலே சொட்டுதா, சொட்டாமலே குறையுதா?"

இந்த நான்கு கேள்விகளிலும் எத்துணை நுட்பம் இருக்கிறது என்று பாருங்கள். நிற்கும்போது கொதித்து, ஓடும்போது தணிந்தால் விசிறியிலோ அதன் பெல்ட்டிலோ குறை. வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதும் கொதித்தால், ரேடியேட்டர் போதிய அளவு வெப்பத்தை வெளியேற்றவில்லை. எடுத்த சில நிமிடத்திலேயே கொதித்தால், தெர்மோஸ்டாட் மூடியபடியே நின்றிருக்கலாம். அல்லது கேஸ்கட் பழுதாகி எரிவாயு நீருக்குள் புகுந்திருக்கலாம். சொட்டாமலே நீர் குறைந்தால், அது எஞ்சினுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். ஒரு கருவியையும் கையில் எடுக்காமல், கேள்விகளாலேயே பாதிக் காரணங்களை அவர் விலக்கிவிட்டார்.

அதன்பின் எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் அளவுக்கு உள்ளே போனது. அது சரியான அளவு. ரேடியேட்டரின் முன்புறத்தைப் பார்த்தார். நெல் உமியும் வைக்கோல் தூசும் இறந்த பூச்சிகளும் தகடுகளுக்கிடையே மண்டியிருந்தன. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக நீரைப் பீய்ச்சி அவற்றை வெளியேற்றினார். 'குறை தீர்ந்தது' என்று மாணவர்கள் மகிழ்ந்தார்கள். அவரோ எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்தி, ரேடியேட்டரை உள்ளங்கையால் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். மேற்புறம் கை வைக்க முடியாத சூடு. கீழே நடுப்பகுதியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் குளிர்ந்திருந்தது.

"சார்வாள், இங்கே தண்ணி வரலை. உள்ளே தூர் அடைச்சுக் கிடக்கு" என்றார். வாய்க்காலோடு நடந்த உழவரைப் போலவே, நீர் நின்ற இடத்தை அவர் கண்டுவிட்டார்.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியின் ஈயப் பற்றைச் சூடுகாட்டி நீக்கித் திறந்தபோது, குழல்களில் பெரும்பாலானவை உப்புப் படிவாலும் மஞ்சள் நிறக் களியாலும் அடைபட்டிருந்தன. முன்பு எப்போதோ ஒரு சிறு கசிவு ஏற்பட்டதாம். யாரோ கூறியதைக் கேட்டு, அதை நிறுத்த ஓட்டுநர் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றியிருந்தார். நம் நாட்டு ஓட்டுநர் பலர் அறிந்த கைவைத்தியம் அது. மஞ்சள் தூள் கசியும் துளையை அடைக்கும். அடைக்கக் கூடாத குழல்களையும் சேர்த்து அடைக்கும். நடுவழியில் வீடு போய்ச் சேர உதவும் தந்திரத்தையே நிரந்தர மருந்தாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அந்தக் குழல்கள் சான்றாக இருந்தன.

மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழலிலும் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். பழைய கசிவை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். பிறகு வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, காற்றடித்துப் பார்த்தார்கள். குமிழி எழவில்லை. தெர்மோஸ்டாட்டைத் தேடினால், அதை முன்பே யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். வெப்ப நாட்டில் அது தேவையில்லை என்று பல ஓட்டுநர்கள் நம்பியதுண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டை அடைய நெடுநேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டர் விரைவில் தேயும். புதியது ஒன்றை வாங்கி வந்ததும், அண்ணாச்சி அதைப் பொருத்திவிடவில்லை. ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, நீரைக் காய்ச்சி, என் பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் பார்க்கச் சொன்னார். 82 டிகிரிக்கு அருகில் அது மெல்ல வாய் திறந்தது. கண்காட்சிக்குப் போக முடியாத மாணவர்கள் அன்று கண்ட கண்காட்சி அதுதான்.

ஓட்டுநரிடம் அண்ணாச்சி சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. "தம்பி, தண்ணி ஊத்துறது மருந்து இல்லை. தாகம் ஏன் எடுக்குதுன்னு பாக்கணும்."

அவர் சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே பட்டறையின் மூலையில் வேறொரு எஞ்சின் கிடந்தது. 'இன்னும் இரண்டு மைல்தானே' என்று கொதிக்கக் கொதிக்க ஓட்டிவந்த வண்டி அது. சிலிண்டரின் மேல்மூடி வளைந்து, கேஸ்கட் எரிந்து, பிஸ்டன் பிடித்துவிட்டிருந்தது. நீர் மசகெண்ணெயில் கலந்து, எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தது. மூடி மட்டும் வளைந்திருந்தால் வழி உண்டு. அதை நேர்க்கோலால் அளந்து, கடைந்து சமமாக்கி, புதிய கேஸ்கட் இட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, வரிசைப்படி, சிறிது சிறிதாக இறுக்கினால் எஞ்சின் பிழைக்கும். இதற்கோ சிலிண்டரையே மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தாங்க முடியாமல் உரிமையாளர் வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு, வேறொருவரிடம் கூலி ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டார். இரண்டு மைல் தொலைவுக்காக ஒரு குடும்பம் தன் முதலை இழந்தது.

மாணவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கொதிக்கும் வண்டியின் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிடும். ஒரு கிலோகிராம் நீராவி நீராக மாறும்போது 2,200 கிலோஜூலுக்கும் மேற்பட்ட வெப்பத்தை வெளிவிடுகிறது. கொதிநீர்ப் புண்ணைவிட நீராவிப் புண் கொடியதாக இருப்பதற்கு அதுவே காரணம். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென்று ஊற்றினால் இரும்பு வெடிக்கும். ஆறிய பின் தடித்த துணியால் மூடியைச் சிறிது திருகி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே திறக்க வேண்டும்.

நம் நாட்டில் மோட்டார்த் தொழிற்கல்வி மெல்லவே வளர்ந்தது. பேருந்துத் தொழிலில் அனுபவம் பெற்ற ஜி. டி. நாயுடு, 1945-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்ற வழிசெய்தார். விடுதலைக்குப் பின் அரசாங்கம் தொழிற்பயிற்சி நிலையங்களை நிறுவியது. ஆயினும் கிராமத்துச் சாலையோரப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுள் பலர் பள்ளியில் சில வகுப்புகளே படித்தவர்கள். பத்து வயதில் 'ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன்' என்று சேர்ந்து, கண்டும் கேட்டும் அடிபட்டும் கற்றவர்கள். சிறுவரை அவ்வாறு வேலைக்கு அனுப்பியதை நான் போற்றவில்லை. அவர்கள் வகுப்பறையில் இருந்திருக்க வேண்டியவர்கள். ஆனால் வகுப்பறையில் இருந்த நமக்கு அவர்களிடம் கற்க எவ்வளவோ இருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

இன்றைய வண்டிகள் மாறிவிட்டன. 1950-களின் பிற்பகுதியிலிருந்து நம் சாலைகளில் அரசோச்சிய அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. செம்பும் பித்தளையுமாக இருந்த ரேடியேட்டர் இன்று அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஆயிற்று. பற்றவைப்பதைவிட மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. எஞ்சின் சுழற்றிய விசிறியை மின்சாரம் சுழற்றுகிறது. வெறும் நீருக்குப் பதிலாக, கிளைக்கால் கலந்த குளிர்விப்புத் திரவம் ஓடுகிறது. அது கொதிநிலையை உயர்த்தும், அதில் சேர்த்திருக்கும் மருந்துகள் துருவையும் தடுக்கும். சிறு கணிப்பொறி ஒன்று வெப்பத்தை அளந்து, குறையைக் குறியீட்டு எண்ணாகத் தெரிவிக்கிறது. மின்கலத்தில் ஓடும் கார்களும் வந்துவிட்டன. அவற்றில் பெட்ரோல் எரிவதில்லை. ஆயினும் பெரும்பாலானவற்றில் மின்கலத்தைக் குளிர்விக்கத் திரவம் சுற்றிவருகிறது. கார்னோ கூறிய விதியிலிருந்து யாரும் தப்பவில்லை.

கணிப்பொறி காட்டும் எண் 'வெப்பம் மிகுந்துவிட்டது' என்று நோயின் பெயரைச் சொல்லலாம். விசிறிக்கு மின்சாரம் போகவில்லையா, குழாய் கசிகிறதா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, உமி அடைத்திருக்கிறதா என்பதை மனிதன்தான் வரிசையாகத் தேடிக் காண வேண்டும். அவசரமாக ஒவ்வொரு பாகத்தையும் மாற்றிக்கொண்டே போனால், வண்டிக்காரரின் பணப்பை காலியாகும். குறையோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். விடுமுறை நாள் ஒன்றில் உங்கள் ஊரின் பழைய பட்டறைக்குச் செல்லுங்கள். அங்கே இருக்கும் பெரியவரிடம், 'வண்டி கொதித்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அதை ஏன் முதலில் பார்க்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அவர் கூறும் வரிசையை அப்படியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செம்பு ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்ட கைகளும், உள்ளங்கையால் தொட்டே அடைப்பைக் கண்ட கைகளும் நம்மிடையே இன்னும் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவர்கள் பேசுவார்கள், எழுதுவது படித்த உங்களுடைய கடமை. எழுதி முடித்ததும் உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு படி கொடுத்து வையுங்கள்.